தொட்டுக்கொள்ள என்ன? பிளாக் புட்டிங்கில் தொடங்கி பிரிட்டனின் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரு வழிகாட்டி

மான்செஸ்டர் நகர மையத்தில் மஞ்சள் டிராமில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பெரி வந்துவிடும். ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு ‘பரி’ என்றோ ‘புரி’ என்றோ சொல்லாதீர்கள். பொதுவான உச்சரிப்பு ‘பெரி’தான். நிலையத்திலிருந்து சந்தை கூப்பிடு தூரம். புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் முழுச் சந்தை கூடும். பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கிறீர்கள், இந்த நாட்டுச் சாப்பாட்டை ஒருமுறையாவது ஒழுங்காகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால், தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

பன்றி ரத்தமும் தானியமும் சேர்த்துச் செய்யும் பிளாக் புட்டிங் விற்கும் கடையில் கொதிநீர்ப் பாத்திரத்திலிருந்து ஆவி பறந்துகொண்டிருக்கும். உள்ளே லாட வடிவில் வளைத்து முனைகளைக் கட்டிய கறுப்பு உருளைகள் மிதக்கும். கடைக்காரப் பெண்மணி, “கொழுப்பு வைத்ததா, வைக்காததா, லவ்?” என்று கேட்பார். இந்த ‘லவ்’ வடக்கு இங்கிலாந்தில் முன்பின் தெரியாதவரையும் அன்பாக விளிக்கும் சொல். நம் ஊர்க் காய்கறிக்காரம்மா ‘கண்ணு’ என்பதுபோல. முதல் தடவை கொழுப்பு வைக்காததையே கேளுங்கள். கத்தியால் நீளவாக்கில் ஒரே கீறல். கறுப்புத் தோல் விரிந்து, கரும்பழுப்பு நிற உள்ளீட்டில் பார்லி மணிகள் வெளிறித் தெரியும். மிளகு வாசனையும் ஈரல் வேகும் வாசனையும் கலந்து வரும்.

நான் முதன்முதலாக அங்கே நின்றபோது அப்படியே சாப்பிடப் போனேன். பக்கத்தில் நின்ற முதியவர், “வினிகர் இல்லாமலா?” என்று பதறிப்போய்ப் புட்டியை என் பக்கம் தள்ளினார். அந்தக் கேள்வி எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் நான் பிளாக் புட்டிங்கைத் தொட்டதே இல்லை. ஒரு விடுதியின் காலை உணவில் வறண்டுபோன வில்லை ஒன்றை, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் கடித்துவிட்டு, இந்த நாட்டுச் சாப்பாடே இவ்வளவுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். சட்னி இல்லாத இட்லியைக் கடித்துவிட்டு இட்லிக்குத் தீர்ப்பு சொன்னதற்குச் சமம் அது. பிரிட்டனின் ஊர்ச் சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு துணை உண்டு. புளிப்பும் உறைப்பும் அந்தத் துணையில்தான் இருக்கின்றன. ஆகவே எந்த ஊரில் எதை வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி, நாம் வீட்டில் தினமும் கேட்பதுதான்: தொட்டுக்கொள்ள என்ன?

வாய்க்குப் போகும் முன்: உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டனில் ‘புட்டிங்’ என்ற சொல் புதியவர்களைக் குழப்பும். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்புக்கும் அதுதான் பெயர். குடலில் அடைத்து வேகவைத்த இறைச்சிப் பண்டத்துக்கும் அதுதான் பெயர். பிளாக் புட்டிங் இரண்டாவது வகை. பன்றி ரத்தம், பார்லி அல்லது ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், உப்பு, மிளகு ஆகியவைதான் அடிப்படை. பெரிப் பக்கத்தில் பென்னிராயல் என்ற புதினா இனத்து மூலிகையும் சேர்ப்பதுண்டு. ரத்தம் வெந்ததும் இறுகிக் கறுத்துவிடுகிறது. தானியம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

இது எப்படிப் பிறந்தது என்பதை யோசித்தால் அருவருப்பு பாதி குறைந்துவிடும். குளிர்பெட்டி இல்லாத காலத்தில், குளிர்காலம் தொடங்கும் முன் வீட்டுப் பன்றியை அறுப்பார்கள். தொடையை உப்பிட்டு மாதக்கணக்கில் வைக்கலாம். ரத்தத்தை வைக்க முடியாது. அன்றைக்கே சமைத்தாக வேண்டும். கையில் இருந்த தானியத்தோடு கலந்து குடலில் அடைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டு ரத்தப் பொரியல் வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே விளங்கும். சுவையும் தூரத்துச் சொந்தம்தான். நம் பொரியலில் தேங்காயும் பச்சை மிளகாயும் செய்யும் வேலையை இங்கே பார்லியும் மிளகும் செய்கின்றன.

யார் தவிர்க்க வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தட்டில் வந்தபின் தெரிந்துகொண்டு மனம் வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். முஸ்லிம் நண்பர்களுக்கு இது ஆகாது. பன்றியும் ரத்தமும் இரண்டும் விலக்கு. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஸ்காட்லாந்து வகையில் கவனமாக இருங்கள்: லூயிஸ் தீவின் ஸ்டோர்னவே பிளாக் புட்டிங்கில் சேர்வது மாட்டுக் கொழுப்பு. பார்லியும் ஓட்ஸும் இருப்பதால் குளூட்டன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சரிவராது. உப்பும் கொழுப்பும் அதிகம், இரும்புச் சத்தும் அதிகம். காலை உணவுக்கு இரண்டு வில்லை போதும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வாமை தரும் பொருள்களை அங்கே தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

‘ஒயிட் புட்டிங்’ என்று ஒன்றைப் பார்த்தால், அது ரத்தம் சேர்க்காத தம்பி. ஓட்ஸும் கொழுப்பும் வெங்காயமும் மிளகும்தான் அடிப்படை. ரத்தத்துக்குத் தயங்குகிறவர்கள் அதில் தொடங்கலாம், இறைச்சி உண்பவர்களாக இருந்தால்.

வாங்கி வந்து வீட்டில் சமைக்க

சூப்பர்மார்க்கெட்டில் வில்லைகளாக வெட்டி வைத்திருப்பதைவிட, இறைச்சிக் கடையில் முழு உருளையாக வாங்குவது நல்லது. வெட்டி வைத்தது சீக்கிரம் காய்ந்துவிடும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் உலர்ந்த ரத்தப் பொடியைப் பயன்படுத்துகிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் புது ரத்தத்தில் செய்வதாகச் சொல்லும் கடை அருகில் இருந்தால் ஒரு தடவை அங்கே வாங்கிப் பாருங்கள். உள்ளீடு அவ்வளவு மென்மையாக இருக்கும். ஸ்டோர்னவே வகைக்கு 2013இல் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் அந்த நகரிலோ சுற்றுப்புறத்திலோ செய்திருக்க வேண்டும். ஓட்ஸ் சேர்வதால் அது சற்றே உதிரியாக இருக்கும். தீவு மக்கள் கேலிக் மொழியில் அதை ‘மராக்’ என்கிறார்கள்.

கடையில் விற்பது ஏற்கெனவே வேகவைத்தது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் சூடேற்றி வெளிப்புறத்தை மொறுமொறுப்பாக்குவதுதான். விரல் தடிமனுக்கு வில்லை போடுங்கள். அதைவிட மெல்லியதாக வெட்டினால் திருப்பும்போது உடைந்துவிடும். உறை பிளாஸ்டிக் என்றால் உரித்துவிடுங்கள். இதை மறந்து அப்படியே கல்லில் போட்டுவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. குடல் உறை என்றால் இருக்கட்டும். தோசைக்கல் இதற்கு மிகப் பொருத்தம். நடுத்தரத் தீயில் கல் காய்ந்ததும் சில துளி எண்ணெய் போதும். கொழுப்பு தானாகக் கசியும். வில்லைகளை இடைவெளி விட்டு வைத்து மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். ஓரம் கருகருவென்று இறுகியதும் தோசைத் திருப்பியை அடியில் முழுதாகச் செலுத்தி ஒரே வீச்சில் திருப்புங்கள். மறுபக்கத்துக்கும் அதே நேரம். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே குளிர்ந்திருக்கும்.

தொட்டுக்கொள்ள என்ன? ஆங்கிலக் கடுகு விழுதுதான் முதல் தேர்வு. மிளகாய்க் காரம் நாக்கில் நிற்கும். இது மூக்கில் ஏறி நெற்றியைத் தட்டும். கொஞ்சமாகத் தொடுங்கள். பொரித்த முட்டையின் மஞ்சள் கருவும், வெண்ணெயில் வதக்கிய புளிப்பு ஆப்பிளும் அடுத்த இரண்டு. சோற்றோடு சாப்பிட ஆசையாக இருந்தால், எலுமிச்சை பிழிந்த வெங்காயத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள். என் வீட்டில் அது நிலைத்துவிட்டது.

பெரிக்கு அருகே ராம்ஸ்பாட்டம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே செப்டம்பரில், உயரமான மேடையில் அடுக்கிய யார்க்ஷயர் புட்டிங்குகளை (முட்டையும் மாவும் பாலும் கரைத்துச் சுட்டவை) நோக்கிப் பிளாக் புட்டிங்கால் எறிந்து வீழ்த்தும் போட்டி நடக்கும். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களான லங்காஷயருக்கும் யார்க்ஷயருக்கும் உள்ள பழைய பங்காளிச் சண்டை இப்போது அந்த அளவில் நிற்கிறது. முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

குளிர்காலத்துக்கு ஒரு சட்டி: லங்காஷயர் ஹாட்பாட்

ரத்தம் வேண்டாம், பன்றி வேண்டாம் என்பவர்களுக்கும் வடக்கு இங்கிலாந்தின் அடுப்பங்கரையில் இடம் இருக்கிறது. அந்த இடத்தின் பெயர் ஹாட்பாட். பஞ்சாலைகள் இரைந்துகொண்டிருந்த ஊர்களில், ஆணும் பெண்ணும் வேலைக்குப் போகும் வீட்டில், அடுப்பருகே நிற்க ஆளில்லை. கழுத்துக்கறியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஒரு மண்சட்டியில் அடுக்கி, மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் விட்டுவிட்டால் அது தன்னைத் தானே சமைத்துக்கொள்ளும்.

இதற்கு இளம் ஆட்டுக்கறியைவிட முற்றிய ஆட்டுக்கறியே ருசி. ஆங்கிலேயக் கடைகளில் அது கிடைப்பது அரிது. ஹலால் இறைச்சிக் கடையில் ‘மட்டன்’ என்று கேட்டால் தாராளமாகக் கிடைக்கும். நம்மவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் ஊர்க்காரர்களைவிட வசதி அதிகம்.

நான்கு பேருக்கு எலும்போடு கழுத்துக்கறி அல்லது தோள்கறி ஒரு கிலோ, உருளைக்கிழங்கு ஒரு கிலோ, பெரிய வெங்காயம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கறியில் உப்பும் மிளகும் தடவி, சிறிது மாவு தூவி, எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்து எடுங்கள். இந்த இடத்தில் பொறுமை காட்டினால்தான் சாற்றுக்கு நிறமும் மணமும் வரும். அதே எண்ணெயில் வெங்காயத்தை வதக்குங்கள். ஓவனில் வைக்கக்கூடிய கனமான சட்டியில் கறி, வெங்காயம் என்று பரப்பி அரை லிட்டர் சூடான எலும்புச் சாறு ஊற்றுங்கள். உருளைக்கிழங்கை நாணயத் தடிமனில் வெட்டி, மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து மேலே அடுக்குங்கள். மூடி போட்டு 160 டிகிரியில் இரண்டரை மணி நேரம். பிறகு மூடியை எடுத்து, கிழங்கின்மேல் உருக்கிய வெண்ணெய் தடவி, 200 டிகிரியில் இன்னும் அரை மணி நேரம். மேல் அடுக்கு அப்பளம் போல் பொன்னிறமாகி, ஓரங்களில் சாறு கொதித்துக் குமிழியிடும். அப்போது எடுங்கள்.

ஒரு வேண்டுகோள்: முதல் தடவை மட்டும் அஞ்சறைப் பெட்டியைத் திறக்காதீர்கள். கறியும் கிழங்கும் ஒன்றையொன்று எப்படி மாற்றியிருக்கின்றன என்பதை ஒருமுறை அறிந்துகொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைகோஸ்; கடைகளில் புட்டியில் கிடைக்கும். கொழுப்புச் சத்தான கறிக்கு அந்தப் புளிப்பு செய்யும் உதவி, பிரியாணிக்கு வெங்காயப் பச்சடி செய்யும் உதவிதான்.

லிவர்பூலுக்குப் போனால் இதன் உறவினர் ‘ஸ்கவுஸ்’. கறியும் கிழங்கும் கேரட்டும் சேர்த்துக் குழையவிட்ட குழம்பு. அந்த ஊர்க்காரர்களுக்கே அதன் பெயர்தான் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. கறி வாங்கக் காசில்லாத நாளில் காய் மட்டும் போட்டுச் செய்ததைக் ‘குருட்டு ஸ்கவுஸ்’ என்றார்கள். தொட்டுக்கொள்ள ஊறிய பீட்ரூட்.

ஊர் ஊராகப் போகும்போது

ஸ்காட்லாந்தில் ஹாகிஸ். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றை அரைத்து, ஓட்ஸும் கொழுப்பும் மிளகும் சேர்த்து, இரைப்பையில் அடைத்து வேகவைப்பது. இப்போது பெரும்பாலும் செயற்கை உறைதான். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்த நாளான ஜனவரி 25 இரவில் நாடு முழுக்க இதுதான் விருந்து. ஈரல் வறுவல் பிடித்தவர்களுக்கு இது உடனே பிடிக்கும். மிளகு நன்றாகவே இருக்கும். மசித்த உருளைக்கிழங்கும், மஞ்சள் சதை கொண்ட ஒருவகை டர்னிப்பின் மசியலும் துணைக்கு வரும். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையே அப்படி அறிவுறுத்துகிறது.

மீன்தான் வேண்டும் என்றால், ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் கல்லன் என்ற ஊரின் பெயர் தாங்கிய ‘கல்லன் ஸ்கிங்க்’ சூப்பைத் தேடுங்கள். புகையிட்ட ஹாடக் மீன், கிழங்கு, வெங்காயம், பால். பாலும் மீனுமா என்று தயங்காதீர்கள். நம் சொதியில் தேங்காய்ப்பால் செய்வதை இங்கே பசும்பால் செய்கிறது. கருவாட்டு வாசனைக்குப் பழகியவர்களுக்கு அந்தப் புகை வாசனை ஒரு பொருட்டே இல்லை.

வேல்ஸில் ‘கவுல்’ என்ற ஆட்டுக்கறிச் சாறு. மார்ச் 1, புனித டேவிட் நாளில் வீடுதோறும் கொதிக்கும். தொட்டுக்கொள்ள ரொட்டியும் சீஸும். ஸ்வான்சீ சந்தையில் கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்துக் கரும்பச்சை விழுதாக்கி ‘லேவர் பிரெட்’ என்று விற்பார்கள். ரொட்டி என்று பெயர் சொன்னாலும் ரொட்டி இல்லை. ஓட்ஸில் புரட்டி வடை போல் தட்டிப் பொரித்துச் சாப்பிடுவது.

லண்டனின் கிழக்குப் பகுதியில் பழைய ‘பை அண்ட் மாஷ்’ (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’யும் மசித்த உருளைக்கிழங்கும்) கடைகள் சில இன்னும் இருக்கின்றன. அங்கே ‘லிக்கர்’ வேண்டுமா என்று கேட்டால் மிரள வேண்டாம். மதுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பார்ஸ்லி இலை போட்ட பச்சை நிறச் சாறு அது. முன்பு விலாங்கு மீன் வெந்த நீரில் செய்தார்கள். மேசையில் மிளகாய் ஊறிய வினிகர் இருக்கும், தயங்காமல் ஊற்றிக்கொள்ளுங்கள்.

யார்க்ஷயர் புட்டிங்கில் இறைச்சி கிடையாது. முட்டை, மாவு, பால் கரைத்த மாவைப் புகை கிளம்பும் அளவு காய்ந்த கொழுப்பில் ஊற்றி 220 டிகிரியில் வைப்பது. இருபது நிமிடம் ஓவன் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் பொங்கியது அமுங்கிவிடும். கறி விலையேறிய காலத்தில் முதலில் இதைக் கிரேவியோடு பரிமாறி வயிற்றை நிரப்புவார்கள், பிறகு கறி கொஞ்சம் போதும். வழக்கமாக மாட்டுக் கொழுப்பு. வீட்டில் சூரியகாந்தி எண்ணெயில் அதே அளவு நன்றாக வரும்.

பன்றிக்கறி வைத்துச் சுட்ட ‘பை’யோடு வரும் ‘பிக்கலிலி’யைக் கவனியுங்கள். காய்களைக் கடுகும் மஞ்சளும் வினிகரும் சேர்த்து ஊறவைத்தது. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சமையல் நூல்களில் இது ‘இந்திய ஊறுகாய்’ என்றே வருகிறது. டின்னில் விற்கும் ‘மல்லிகட்டானி’ சூப்பும் நம் மிளகுத்தண்ணீர்தான், மதராஸிலிருந்து கப்பலேறிய பெயர். ஆனால் உள்ளே பெரும்பாலும் இறைச்சிச் சாறு இருக்கும். ரசம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

சைவமாக இருந்தால்

முதல் எச்சரிக்கை சிப்ஸ் கடையில். யார்க்ஷயரிலும் சுற்றுப்புறத்திலும் பல கடைகளில் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். வெறும் சிப்ஸ்தானே என்று வாங்குவதற்கு முன், எதில் பொரிக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அவர்களுக்குப் பழகிய கேள்விதான். வூஸ்டர் சாஸில் நெத்திலி இன மீன் சேர்கிறது. அதற்குப் பதில் ஷெஃபீல்டில் 1885 முதல் செய்துவரும் ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ் முழுச் சைவம். புளிக்கரைசலை நினைவூட்டும் புளிப்பு.

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கம் போனால் ஸ்டாஃபோர்ட்ஷயர் ஓட்கேக்கைத் தவறவிடாதீர்கள். ஓட்ஸ் மாவும் கோதுமை மாவும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, காய்ந்த கல்லில் ஊற்றிச் சுட்டெடுப்பது. கல்லில் மாவு விரிந்து துளைதுளையாகப் பூப்பதைப் பார்க்கும்போது ஊர் நினைவு வந்தே தீரும். உள்ளே சீஸ் வைத்து மடித்துத் தருவார்கள். லங்காஷயரின் பட்டர் பை, வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணாத கத்தோலிக்கர்களுக்காகப் பிறந்தது: கிழங்கு, வெங்காயம், வெண்ணெய். மேல்மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். சைவ ஹாகிஸும் சைவ பிளாக் புட்டிங்கும் பெரிய கடைகளில் கிடைக்கின்றன. பருப்பும் ஓட்ஸும் மிளகும் சேர்ந்த சைவ ஹாகிஸை நான் இறைச்சி உண்ணும் விருந்தினருக்கே பரிமாறியிருக்கிறேன்.

பேச்சில் கவனிக்க வேண்டியவை

வடக்கில் ‘டின்னர்’ என்றால் மதியச் சாப்பாடாக இருக்கலாம். ‘டீ’ என்றால் இரவுச் சாப்பாடு. மாலை ஆறு மணிக்கு டீக்கு வரச் சொன்னால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். கைக்கு அடங்கும் வட்ட ரொட்டிக்கு லங்காஷயரில் ‘பார்ம்’, நாட்டிங்ஹாமில் ‘காப்’, கவென்ட்ரியில் ‘பேட்ச்’. நியூகாசிலில் தட்டையான பெரிய ரொட்டி ‘ஸ்டாட்டி’. அதனுள் மஞ்சள் பட்டாணிப் பருப்பு மசியல் தடவித் தருவார்கள், வழக்கமாகப் பன்றித் தொடைக்கறியோடு. கறி வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் பருப்பையே கறி வெந்த நீரில் வேகவைக்கும் வழக்கமும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக கார்ன்வால். மாவுக்குள் கறியும் காயும் வைத்துச் சுடும் அங்கத்திய பாஸ்டிக்கு 2011இல் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அரைவட்ட வடிவம், ஓரத்தில் முறுக்கிய மடிப்பு. உள்ளே மாட்டிறைச்சி, கிழங்கு, வெங்காயம், மஞ்சள் டர்னிப் எல்லாவற்றையும் பச்சையாகவே வைத்து மூடிச் சுடுவார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் கையில் பிடித்துச் சாப்பிட்ட பண்டம் என்பதால், இதற்கு மட்டும் தொட்டுக்கொள்ள எதுவும் கேட்காதீர்கள். கிழங்கும் வெங்காயமும் விட்ட சாறு உள்ளேயே இருக்கிறது. ஆனால் வாங்கியதும் கடிக்க வேண்டாம். பத்து நிமிடம் காகிதப் பையிலேயே கையில் வைத்துக் குளிர் காயுங்கள். அதற்குள் உள்ளிருக்கும் ஆவி அடங்கிவிடும்.